சிறையிற் பிறந்த செய்யுள்

(படப்பையிற் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், தமிழாசிரியராகிய அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



அறிவாலும் அகவையாலும் மூத்தோர் பலர் வீற்றிருக்கும் இவ்வவையில், பள்ளிப்பிள்ளைகளுக்கு யாப்பும் அணியும் கற்பித்து நாள் கழிக்கும் எளியேனைப் பேசுமாறு பணித்தது உங்கள் அன்பின் பெருமையே யன்றி என் தகுதியன்று. எனக்கு அளிக்கப்பெற்ற பொருள், 'நீதியின்றிச் சிறைப்பட்டார் பாடிய பாட்டு' என்பது. இஃது இலக்கிய இன்பத்திற்கு மட்டும் உரிய பொருளன்று. நம் குடும்பங்களையும் தொட்டு நிற்கும் பொருளென்பது முடிவில் விளங்கும்.

தமிழில் 'சிறை' என்னும் சொல்லின் பெற்றியை முதற்கண் நோக்குக. சிறையென்பது காவல், அடைத்துவைக்கும் இடம். சிறையென்பது நீரைத் தேக்கும் அணை. அச்சொல்லே பறவையின் சிறகிற்கும் பெயர். அடைப்பதற்கும் பறப்பதற்கும் ஒரு சொல்லையே நம் முன்னோர் வழங்கினர். இது தற்செயலாக அமைந்ததேயாயினும், நான் சொல்லப்புகும் செய்தி முழுவதும் இச்சொல்லினுள் அடங்கிக் கிடக்கின்றது. உடம்பு அடைபட்ட இடத்தில் உள்ளம் எவ்வாறு பறந்தது என்பதே நம் ஆராய்ச்சி.

சேரமான் சிறை

நமக்குக் கிடைத்துள்ள தமிழ்ச் சிறைப்பாட்டுக்களுள் மிகப் பழையது புறநானூற்றின் 74-ஆம் செய்யுள். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் 1894-இல் அந்நூலை அச்சிட்டு வெளியிட்டமையாலேயே அதனை நாம் இன்று அறிகின்றோம். பாடியவன் சேரமான் கணைக்கால் இரும்பொறை. சோழன் செங்கணானொடு பொருது தோற்றுப் பிடிபட்டு, குடவாயிற் கோட்டத்துச் சிறையிற் கிடந்தான். நீர் வேட்கை மிக்குத் தண்ணீர் வேண்டினான். காவலர் உடனே கொடாது காலந்தாழ்த்துக் கொடுத்தனர். கையில் வாங்கிய நீரைப் பருகாமல் ஒரு பாட்டுச் சொல்லி உயிர் நீத்தான் என்று அச்செய்யுளின் அடிக்குறிப்புக் கூறுகின்றது.

அப்பாட்டின் கருத்தென்னை? குழந்தை இறந்து பிறப்பினும், உருவமில்லாத் தசைப்பிண்டமாய்ப் பிறப்பினும், மானமுள்ள மறக்குடியினர் அதனையும் ஆளென்று கருதி வாளாற் கீறியே அடக்குவர். அத்தகைய குடியிற் பிறந்தும், சங்கிலியாற் பிணித்த நாய்போலக் கிடந்து, பகைவரிடம் நீர் இரந்து வயிற்றுத் தீயைத் தணிக்கும் நிலைக்கு ஒருவனைப் பெறுவார்களோ என்பது அவன் கேள்வி.

போரிலே தோற்றவனைச் சிறையிடுதல் அக்காலத்து அரசமுறையே. அதில் அநீதி யாதென்று சிலர் வினவலாம். சேரன் தன் தோல்வியைக் குறித்து ஒரு சொல்லும் முறையிட்டானல்லன். சோழனை வைதானும் அல்லன். தண்ணீரை மறுத்ததே அவனைச் சுட்டது. சிறைக்காவல் வேறு, சிறுமைப்படுத்தல் வேறு. முன்னதற்கு முறை உண்டு. பின்னதற்கு எந்நாட்டு முறையிலும் இடமில்லை. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் தமிழ் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் கண்டிருந்தது என்பதை நீங்கள் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இக்கதைக்கு மற்றொரு முடிவும் உண்டு. சேரனுக்கு நண்பராகிய பொய்கையார் செங்கணான் வெற்றியைக் களவழி நாற்பது என்னும் நூலாற் பாடி, அவனை மகிழ்வித்துச் சேரனைச் சிறைவீடு செய்தனர் என்பது அது. ஒரு வழக்கிற் சேரன் இறக்கின்றான். மற்றொரு வழக்கில் மீள்கின்றான். இவற்றுள் எது வரலாறு என்னும் வழக்காட்டை ஆராய்ச்சியாளர்க்கே விட்டுவிடுவோம். நமக்கு வேண்டுவது ஒன்றே. உள்ளே இருப்பவன் பாட்டு அவன் மானத்தைக் காத்தது. வெளியே இருந்த நண்பன் பாட்டோ அவன் உயிரைக் காக்க முயன்றது. இவ்விரண்டு பாட்டும் வேண்டும். பின்னர் இதனை நினைவூட்டுவேன்.

நீற்றறை

நம் தொண்டைநாட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லாது அப்பாற் செல்லலாகாது. படப்பைக்கு அணித்தேயுள்ள குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெருமான், திருநாவுக்கரசர் பட்ட இன்னல்களை விரித்துரைக்கின்றார். சமயம் மாறினார் என்பதொன்றே அவர்மேற் சுமத்திய குற்றம். பல்லவன் ஆணையால் அவரைச் சுண்ணாம்புக் காளவாயாகிய நீற்றறையில் ஏழு நாள் அடைத்தனர். அங்கே அவர் பாடிய பதிகத்தைச் சைவ உலகம் இன்றளவும் ஓதி வருகின்றது. அப்பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது அறிஞர் பலர் துணிபு.

இதில் நான் உங்கட்குக் காட்ட விழைவது இரண்டு. ஒன்று, அடைத்தவன் அயலான் அல்லன். கலைகளிலே வல்லவனாய், தானே வடமொழியில் நாடகம் இயற்றியவனாய், குடைவரைக் கோயில்கள் எடுத்தவனாய் இருந்த நம் நாட்டு மன்னனே. கல்வியுடைய ஆட்சியும் தன் குடிகளில் ஒருவனது கொள்கையைக் கண்டு அஞ்சும்போது கொடுமை செய்யும். இரண்டு, வெந்தழலின் நடுவே இருந்தவர் வெப்பத்தைப் பாடாமல், தண்மையான பொருள்களை ஒவ்வொன்றாக நினைந்து பாடினார். சேரன் பாட்டு மானத்தின் எரி. அரசர் பாட்டு அச்சமின்மையின் குளிர். சிறைச்செய்யுள் எல்லாம் புலம்பலென்று எண்ணுவோர் இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்ப்பாராக.

செக்கும் செய்யுளும்

இனி அண்மைக்காலத்திற்கு வருவோம். வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் 1872-இல் ஒட்டப்பிடாரத்தில் தோன்றியவர், வக்கீல், 1906-இல் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவியவர். 1908-ஆம் ஆண்டு தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அவர்க்குத் துணை நின்றார். அவ்வாண்டு மார்ச்சு மாதம் சிறைப்படுத்தப்பெற்றார். நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். அவர் செய்த குற்றமாகக் காட்டப்பட்டவை மேடைப்பேச்சும், சுப்பிரமணிய சிவாவுக்கு அளித்த ஆதரவுமே. மேல்முறையீட்டில் அத்தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது. கோயமுத்தூரிலும் கண்ணனூரிலும் சிறையிருந்து, 1912 டிசம்பரில் வெளிவந்தார். கோயமுத்தூரில் மாட்டுக்கு ஈடாக அவர் இழுத்த செக்கு, இன்று சென்னைக் கிண்டியிலுள்ள காந்தி மண்டபத்திற் காட்சிக்கு உள்ளது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருநாள் சென்று காட்டுங்கள்.

செக்கை எல்லோரும் அறிவர். செக்கிழுத்த கை செய்யுளும் எழுதிற்று என்பதை அறிந்தார் சிலரே. கண்ணனூர்ச் சிறையில் தம்மொடு இருந்த கைதிகளுக்கு அவர் அறம் உரைத்து வந்தார். கொலையும் களவும் செய்து வந்தாரும் அவர்களுள் இருந்திருப்பர். அந்தச் சூழலிலே தோன்றியவை 'மெய்யறிவு' என்னும் வெண்பா நூலும், 'மெய்யறம்' என்னும் அறநூலும். மெய்யறம் 125 அதிகாரம் உடையது. மாணவர், இல்வாழ்வார், அரசர், அந்தணர், மெய்ப்பொருள் என ஐந்து பிரிவாக அமைந்தது. ஒவ்வோர் அதிகாரமும் பத்து அடியாலாயது. திருக்குறளின் ஒழுங்கு அதில் நிழலாடக் காணலாம். சிறைக்குமுன்னும் சிறையினுள்ளும் பாடிய தனிப்பாடல்கள் 1915-இல் 'பாடற்றிரட்டு' என வெளிவந்தன. விடுதலைக்குப்பின் தம் வரலாற்றையும் உரைநடையில் எழுதாமல் அகவற்பாவிலேயே பாடிவைத்தார்.

இம்மனிதர் செய்ததென்ன என்று சிந்தியுங்கள். அரசாங்கம் அவருடைய கப்பலைக் கெடுத்தது. வக்கீல் தொழிலை நிறுத்தியது. பேரை நீக்கி எண்ணைக் கொடுத்தது. அத்தகைய நிலையில் ஒருவர் தமக்கு நேர்ந்த கேட்டையே நாள்தோறும் எண்ணிப் புழுங்கியிருப்பின் நாம் குறைகூற மாட்டோம். அவரோ, அரசன் எவ்வாறு ஒழுகவேண்டும் என்று ஐம்பது அதிகாரம் வகுத்தார். அரசாங்கம் குற்றவாளியென்று எழுதிய ஒருவர், சிறைச்சுவருக்குள் இருந்துகொண்டே அரசியலுக்கு இலக்கணம் கூறினார். இதைவிட நுட்பமான மறுப்பு யாது? தம்மேல் வந்த தீர்ப்பை அவர் வைதாரில்லை. முறையான ஆட்சி இன்னதென்று எழுதினார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைப் படிப்பவனுக்கு விட்டுவிட்டார்.

யாப்பு என்னும் ஏடு

சிறைப்பட்டார் உரைநடையை விட்டுச் செய்யுளை நாடுவதற்குக் காரணம் என்ன என்று என் மாணாக்கர் கேட்பதுண்டு. யாப்பு என்பதற்குக் கட்டுதல் என்பது பொருள். எதுகையும் மோனையும் சீரும் தளையும் சொற்களை ஒன்றொடொன்று பிணித்து, மனத்தை விட்டு நழுவாதபடி காக்கின்றன. ஏடும் எழுதுகோலும் மறுக்கப்பட்டவனுக்கு யாப்பே ஏடு, நெஞ்சே பெட்டகம். மேலும், சிறையில் நாளுக்கு ஒழுங்கு வகுப்பவர் பிறர். உண்பதும் உறங்குவதும் பிறர் அடிக்கும் மணிக்கு. ஒரு வெண்பாவின் ஒழுங்கோ பாடுவோன் தானே தனக்கு இட்டுக்கொண்டது. பிறர் இட்ட தளையின் நடுவே தான் இட்ட தளையால் ஒருவன் தன்னை ஆளுகின்றான்.

இது தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க தேசத்துச் சான்பிரான்சிஸ்கோத் துறையருகே ஏஞ்சல் தீவு என ஒன்றுண்டு. சீனர் குடியேறுதலைத் தடுக்க 1882-இல் அந்நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது. 1943-இல் தான் அது நீங்கியது. 1910 முதல் 1940 வரை, கடல்கடந்து வந்த சீனரை அத்தீவில் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அடைத்துவைத்து விசாரித்தனர். சீனராய்ப் பிறந்ததன்றி அவர்களுட் பெரும்பாலோர் செய்த குற்றம் பிறிதில்லை. அவர்கள் மரச்சுவர்களில் தம் மரபு வழிப்பட்ட பழைய யாப்பிலே பாட்டுக்களைச் செதுக்கினர். மேற்பூச்சுப் பூசியும் அவை முற்றும் மறையவில்லை. இடிக்கப்படவிருந்த அக்கட்டடத்தில் 1970-இல் ஒரு பூங்காக் காவலர் அவ்வெழுத்தைக் கண்டு பிறர்க்கு அறிவித்தார். இருநூற்றின் மேற்பட்ட பாட்டுக்கள் பின்னர்த் தொகுக்கப்பெற்றன. பாடினோர் பெயர் பெரும்பாலும் தெரியவில்லை, பாட்டு நிற்கின்றது.

குவான்டானமோவின் கதையும் இத்தகையது. அமெரிக்கர் 2002-இல் அங்கே திறந்த சிறையில், வழக்கும் விசாரணையுமின்றி ஆண்டுக்கணக்காகப் பலரை வைத்திருந்தனர். தொடக்கத்தில் எழுதுகருவி கிடைக்காமையால், தேநீர் தரும் நுரைக்கிண்ணங்களிற் கூழாங்கல்லாற் கீறிப் பாடினர். அக்கிண்ணங்களோ உணவு முடிந்ததும் குப்பைக்குச் சென்றன. வழக்கறிஞர்கள் முயன்று, பதினேழு பேருடைய 22 பாட்டுக்களை ஆங்கில மொழிபெயர்ப்பில் 2007-இல் நூலாக வெளியிட்டனர். வேறு பல பாட்டுக்களை வெளிவிட இராணுவம் இசையவில்லை. அதற்கு அவர்கள் கூறிய காரணத்தைக் கேளுங்கள்: செய்யுள், அதன் பொருளாலும் வடிவத்தாலும், தனிப்பட்ட அபாயம் உடையதாம்! வடிவத்தாலும் அபாயம் என்றதைக் கவனியுங்கள். பீரங்கியும் விமானமும் படைத்த பேரரசு, சீரையும் தளையையும் கண்டு அஞ்சியது. யாப்பிலக்கணம் கற்பிக்கும் ஆசிரியனுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று வேண்டுவதில்லை.

பொருளறியார் கையிற் பாட்டு

சிறையிற் பாட்டுப் பிறப்பதுண்டு. பாட்டினாற் சிறை பிறப்பதும் உண்டு. இலங்கை மன்னார்ப் பகுதியைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம் என்னும் இளைஞர், தமிழ்க் கவிஞர், ஆசிரியப் பணி புரிந்தவர். 2017-இல் 'நவரசம்' என்னும் கவிதை நூலை வெளியிட்டார். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் அவரைச் சிறைப்படுத்தினர். அந்நூல் தீவிரவாதத்தைப் பரப்புகின்றது என்பது குற்றச்சாட்டு. தமிழறிந்தோர் நூலைப் படித்து, அதிலுள்ளவை வன்முறையைக் கண்டிக்கும் பாட்டுக்களே என்று எடுத்துரைத்தனர். எனினும் ஏறத்தாழ 19 மாதம் காவலில் இருந்தபின், 2021 டிசம்பரிலேயே பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென்று விடுவித்தது.

நான் இந்நிகழ்ச்சியைப் படித்தபோது என் உள்ளம் பெரிதும் வருந்திற்று. அவரும் ஆசிரியர்; யானும் ஆசிரியன். செய்யுளில் ஒரு பாத்திரம் பேசும் கூற்றைக் கவியின் கூற்றாகவும், உருவகத்தை உண்மையாகவும், அங்கதத்தைப் புகழ்ச்சியாகவும் கொள்ளுதல், வகுப்பறையிற் பிழையாயின் மதிப்பெண்ணிற் குறையும். காவல்துறையிற் பிழையாயின் ஒருவன் வாழ்நாளிற் குறையும். இலக்கியக் கல்வி எதற்கென்று இக்காலத்தார் கேட்கின்றனர். பொருளறிந்து படிக்கத் தெரிந்தவர் நாட்டிற் பலர் இருப்பின், குற்றமற்றவர் சிலரேனும் வீட்டில் உறங்குவர் என்பதே என் விடை.

ஒரு தடையும் விடையும்

'சிறையிலிருப்போர் எல்லாரும் தம்மை நிரபராதியென்றே பாடுவர். பாடியதனால் ஒருவன் குற்றமற்றவன் ஆவனோ?' என்பது நியாயமான கேள்வி. ஆகான். பாட்டு சாட்சியம் அன்று. தீர்ப்பு வழங்குவது நீதிமன்றத்தின் கடமை. ஆயினும் தீர்ப்பு வருமுன்னரே தண்டனை நடைபெறுமாயின் என் செய்வது? 2022-ஆம் ஆண்டின் இறுதிக்கு அரசாங்கம் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5 இலட்சத்து 73 ஆயிரத்துக்கு மேற்பட்டவர். அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பேர் விசாரணைக் கைதிகள். குற்றவாளிகளென்று எந்த நீதிமன்றமும் இன்னும் கூறாதவர். பாட்டு நம்மைக் கேட்பது விடுதலையன்று, செவி கொடுத்தலே. 'யானும் மனிதன், என்னை விசாரியுங்கள்' என்பதே சிறைச்செய்யுட்கள் அனைத்திற்கும் பொதுவான பொருள்.

நம் கடமை

அன்பர்களே! இப்பொருள் நமக்கு எட்டாத பொருளென்று எண்ணற்க. நம் படப்பை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் ஆலைகள் நிறைந்த நாடாயிற்று. நம் பிள்ளைகள் இரவு பகலாக முறைவைத்து உழைக்கின்றனர். வெளியூராரும் வந்து கலந்து வாழ்கின்றனர். தொழில் தகராறோ, சாலைச் சச்சரவோ, பொய்ப்புகாரோ எழுங்கால் ஏழை இளைஞன் ஒருவன் உள்ளே செல்வது அரிதன்று. அவ்வாறு நேர்ந்தவுடன் நம்மவர் செய்வது யாது? அவ்வீட்டுக்கு அழைப்பிதழ் வைப்பதை நிறுத்துகின்றோம். அவன் தங்கைக்கு வந்த சம்பந்தத்தைத் தட்டிவிடுகின்றோம். நீதிமன்றம் தீர்ப்பளிக்குமுன் நாம் அளித்துவிடுகின்றோம். சேரமானுக்குத் தண்ணீரைத் தாழ்த்துக் கொடுத்த காவலனுக்கும் நமக்கும் வேற்றுமை யாது?

ஆகையால் மூன்று விண்ணப்பங்களைச் சங்கத்தின்முன் வைக்கின்றேன்.

முதலாவது, விசாரணையில் உள்ள எவரையும் எவர் குடும்பத்தையும் சங்கத்தின் நன்மை தீமைகளினின்று விலக்கலாகாது.

இரண்டாவது, சட்டம் தந்துள்ள உரிமைகளை நம் குடும்பங்களுக்கு அறிவித்தல் வேண்டும். பிடிக்கப்பட்டவனை 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்துதல் வேண்டுமென்று அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்புக் கூறுகின்றது. ஆயினும் தடுப்புக்காவலுக்கு அவ்விதி பொருந்தாது. தமிழ்நாட்டில் 'குண்டர் சட்டம்' என வழங்கும் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஓராண்டுவரை விசாரணையின்றியே ஒருவரை வைத்திருக்க இயலும். அதனை எதிர்த்து அறிவுரைக் கழகத்திடமும் உயர்நீதிமன்றத்திடமும் முறையிடலாம். காவலில் உள்ள எவர்க்கும் கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித்தர 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் சட்டம் வழிசெய்துள்ளது. இதற்கென மாவட்டந்தோறும் ஆணைக்குழு உண்டு. 15100 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர், அக்குற்றத்துக்குரிய உச்ச தண்டனையில் மூன்றிலொரு பங்குக் காலத்தைக் காவலிற் கழித்திருப்பின், சில விலக்குகள் நீங்கலாக, பிணைபெற உரியர். இவற்றை அறியாமையாற் பலர் வீணே வாடுகின்றனர்.

மூன்றாவது, சிறை நூலகங்களுக்குத் தமிழ் நூல்களை நம் சங்கத்தின் பெயரால் அனுப்புவோம். சாதிச் சங்கமாகிய நாம் இதனைச் செய்யுங்கால் சாதி பாராது செய்தல் வேண்டும். சிறைக்குள்ளும் சாதிபார்த்து வேலை பகுக்கும் விதிகள் செல்லாவென்று 2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததை நினைவிற் கொள்க. சிதம்பரனார் கண்ணனூரில் அறம் உரைத்தபோது, கேட்டவன் எக்குலத்தான் என்று வினவியிருப்பின் மெய்யறிவு நமக்குக் கிடைத்திராது.

உள்ளே இருப்போன் பாட்டு ஒன்று, வெளியே இருக்கும் நண்பன் பாட்டு ஒன்று என்று முன்னர்க் கூறினேன். நம்முட் பலர் கவிஞரல்லர். ஆயினும் ஒரு கடிதம் எழுதலாம். ஒரு வழக்கறிஞரைக் காணலாம். பார்வையாளர் நாளில் அவன் தாய்க்குத் துணையாகச் சிறைவாயில் வரை செல்லலாம். இவையே நாம் பாடக்கூடிய களவழிப் பாட்டு.

வரும் மாதக் கூட்டத்தில் மெய்யறத்தின் மாணவரியலை நம் பிள்ளைகளைக் கொண்டே படிக்கச் செய்வோமாக. வாழ்க தமிழ்! ஓங்குக நீதி!